சேலத்தில் சனி, ஞாயிறு: பஸ்ஸிலேயே ஊரும் ஏற்காடும் பார்க்க வழி சொல்லுங்கள்

வெண்ணாற்றங்கரை

வணக்கம். 66 வயது அம்மா, 7 வயது மகள், நான் என மூன்று பேர். சனிக்கிழமை காலை 6 மணிவாக்கில் சேலம் ஜங்ஷனில் இறங்குகிறோம். ஞாயிறு இரவு 9.30க்கு அங்கேயே ரயில் ஏற வேண்டும். வாடகைக் கார் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஏற்காடு, கோட்டை மாரியம்மன் கோயில், தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் மூன்றும் கட்டாயம். நேரம் இருந்தால் மேட்டூர் அணை. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, படிகள் அதிகம் ஆகாது. எந்த நாளில் எதை வைத்துக்கொள்வது, எங்கே ஏறுவது, எங்கே சிக்கல் வரும் என்று ஊர் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஐந்துரோடு

அக்கா, இடங்களோட பேரை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல ரெண்டு பஸ் ஸ்டாண்டையும் பிரிச்சுத் தெரிஞ்சுக்கங்க, பாதிக் குழப்பம் அதிலேயே போயிடும்.

மெய்யனூர்ல இருக்கிறது புது பஸ் ஸ்டாண்டு. பலகையில எம்.ஜி.ஆர். மத்திய பேருந்து நிலையம்னு இருக்கும். ஏற்காடு, மேட்டூர், ஆத்தூர், நாமக்கல், தர்மபுரின்னு வெளியூர் வண்டி எல்லாம் இங்கிருந்துதான். கோட்டைப் பக்கம், ஊருக்கு நடுவுல இருக்கிறது பழைய பஸ் ஸ்டாண்டு. டவுன் பஸ்ஸுக்கு அதுதான் தாய்வீடு. அதை இடிச்சு ஈரடுக்கா கட்டி 2023 ஜூன்ல திறந்தாங்க. கீழ்தளத்திலயும் பஸ் நிக்கும், மேல்தளத்திலயும் நிக்கும். அதனால உள்ளே நுழைஞ்சதும் "தாரமங்கலம் வண்டி மேலேயா கீழேயா"ன்னு கேட்டுட்டு நகருங்க. அம்மாவை ஒரு தடவை மேலே ஏத்திட்டு மறுபடி கீழே இறக்குற வேலை மிச்சம்.

ஜங்ஷன் இருக்கிறது சூரமங்கலத்துல, ஊருக்கு மேற்கே. அங்கிருந்து புதுசு சுமாரா 3 கிலோமீட்டர், பழசு 5 கிலோமீட்டர். ரெண்டுக்கும் டவுன் பஸ் வந்துக்கிட்டே இருக்கும். ஆனா யார்கிட்ட கேட்டாலும் வெறுமனே "பஸ் ஸ்டாண்டு"ன்னு கேக்காதீங்க. புதுசா பழசான்னு சேர்த்தே சொல்லுங்க, ஆட்டோவா இருந்தாலும் சரி.

பஸ் நம்பரை மட்டும் நம்பி ஏற வேண்டாம். ஒரே நம்பருக்குப் பின்னாடி எழுத்து மாறினா வழியும் மாறிடும். முன்கண்ணாடியில ஊர் பேருக்குக் கீழே 'வழி' போட்டிருப்பாங்க, அதைப் படிங்க. ஐந்து ரோட்டுல இறங்கணும்னா வண்டி மேம்பாலத்து மேலே போகுதா, கீழே போகுதான்னு ஏறும்போதே கேட்டுக்கங்க. மேலே போற வண்டி நடுவுல நிக்காது.

செவ்வாய்ப்பேட்டை

நாள் ஒதுக்குவதில் என் கருத்து: சனிக்கிழமை ஊர், ஞாயிற்றுக்கிழமை மலை. சேலத்தைச் சேலமாகப் பார்க்க வேண்டுமென்றால் கடைகளும் பட்டறைகளும் திறந்திருக்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், லீ பஜார் மொத்தக் கடைகள், அம்மாபேட்டைப் பக்கம் தறிகள் எல்லாம் சனிக்கிழமை நடக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலானவை பூட்டியிருக்கும். கோயிலை எந்த நாளிலும் பார்க்கலாம். வெள்ளிப் பட்டறைத் தெருவில் ஞாயிறன்று நடந்தால் கதவுகளைத்தான் பார்க்க முடியும்.

மலைப்பாதை20

செவ்வாய்ப்பேட்டை சொல்வது கடைக்குச் சரி. ரயிலுக்குச் சரியில்லை. ரயில் பிடிக்க வேண்டிய நாளில் மலை ஏறக் கூடாது என்பதை நான் விதியாகவே சொல்வேன். காரணங்கள் மலைப்பாதையிலேயே இருக்கின்றன.

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் பஸ்ஸுக்குச் சாலையின் முழு அகலமும் தேவை. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை முறை. சமவெளியில் மட்டும் ஓட்டிப் பழகியவர்கள் இது தெரியாமல் வளைவுக்குள் மூக்கை நுழைத்துவிடுவார்கள். ஒரு கார் நகர முடியாமல் நின்றால் போதும், மேலும் கீழும் வண்டிகள் கோத்துக்கொள்ளும். ஞாயிறு பிற்பகல் 3 மணிக்கு மேல் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்குவதால் இது அடிக்கடி நடக்கும். கார்க்காரர் உட்கார்ந்தபடி காத்திருக்கலாம். பஸ்ஸில் வருபவருக்கோ, கீழிருந்து வர வேண்டிய வண்டியே மேலே வந்து சேராது. அது வந்தால்தானே திரும்பிப் போகும்? ஏற்காடு பஸ் நிலையத்தில் கூட்டம் பெருகிக்கொண்டே போகும். இரவு 9.30 ரயிலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் முழங்கால் வலியோடு ஒருவரை நிற்க வைக்க வேண்டாம்.

சனிக்கிழமையும் கூட்டம் உண்டு. ஆனால் தாமதமானால் இரவுச் சாப்பாடு தள்ளிப்போகும், அவ்வளவுதான். எனவே சனி மலை, ஞாயிறு ஊர். சனிக்கிழமை சீக்கிரம் இறங்கிவிட்டால் மாலை 5 மணிக்குச் செவ்வாய்ப்பேட்டையையும் பிடிக்கலாம்.

செவ்வாய்ப்பேட்டை

ரயில் காரணத்தை ஒப்புக்கொள்கிறேன். சனி மாலை 5க்கே வந்துவிட முடியுமானால் எனக்கு மறுப்பில்லை. கடைகள் திறந்திருக்கும், பட்டறை வேலையும் கொஞ்சம் கண்ணில் படும்.

வெண்ணாற்றங்கரை

அப்படியானால் சனிக்கிழமை மலை. பெட்டியை எங்கே வைப்பது? அறை எடுப்பது ஜங்ஷன் பக்கமா, புது பஸ் ஸ்டாண்டுப் பக்கமா?

ஐந்துரோடு

புது பஸ் ஸ்டாண்டுப் பக்கமே எடுங்க அக்கா. ஏற்காடு வண்டிக்கு நடந்தே போயிடலாம், சாயங்காலம் இறங்கினதும் அறைக்கும் நடைதான். ஒண்ணு மட்டும் கவனிங்க, நிறைய விடுதியில பகல் 12 மணிக்குத்தான் நாள் கணக்கு ஆரம்பிக்கும். காலையில 6.30க்கே உள்ளே விடுவாங்களான்னு போன்ல கேட்டு வச்சுக்கங்க. விடலைன்னாலும் பெட்டியையாவது வாங்கி வைப்பாங்களான்னு கேளுங்க.

ஞாயித்துக்கிழமை அறையைக் காலி பண்ணினதும் பெட்டியை ஜங்ஷன் கிளோக் ரூம்ல போட்டுடுங்க. பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டாங்க, ஜிப் வச்ச பைக்கும் சின்னப் பூட்டு வேணும். ரயில் டிக்கெட்டையும் கேப்பாங்க. சாப்பாட்டுப் பொருள் எதுவும் உள்ளே வைக்காதீங்க, எலி வரும்.

மலைப்பாதை20

சனிக்கிழமையை மணிக்கணக்கில் சொல்கிறேன்.

7 முதல் 7.30க்குள் புது பஸ் நிலையத்தில் ஏற்காடு வண்டியில் உட்கார்ந்துவிட வேண்டும். வழியில் அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் மூன்றிலும் நிற்கும். அங்கெல்லாம் ஏறிக்கொள்ளலாம் என்று வார இறுதியில் நினைக்க வேண்டாம்; உட்கார இடம் இருக்காது, 20 வளைவுக்கும் நின்றுகொண்டே போக வேண்டிவரும். பயணம் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது. ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலைப்பாதையில் இருக்கை முக்கியம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உட்காருங்கள். பின் சக்கரத்துக்கு அப்பால் நீளும் பகுதி ஒவ்வொரு வளைவிலும் வெளியே வீசப்படும், பள்ளத்தில் தூக்கியும் போடும். கடைசி இருக்கைகளில்தான் அதிகம் பேர் வாந்தி எடுக்கிறார்கள். குழந்தையை ஜன்னல் ஓரம் உட்கார வைத்துத் தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். போனில் படம் காட்டவே வேண்டாம். கண் அசையாத ஒன்றைப் பார்த்திருக்க, உடம்பு அசைந்துகொண்டே இருக்கும்போதுதான் குமட்டுகிறது. ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெறும் வயிறும் ஆகாது, பூரி கிழங்கும் ஆகாது. ஒரு எலுமிச்சம்பழமும் உறுதியான பையும் கையில் இருக்கட்டும். பயணக் குமட்டல் மாத்திரை கொடுப்பதானால் டாக்டரிடம் கேட்டு, கிளம்புவதற்கு அரை மணி முன்பே கொடுக்க வேண்டும். வளைவு தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை.

சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர்போல, ஏற்காடு 1500 மீட்டருக்கு மேல். அந்த உயரத்துக்கு 7, 8 டிகிரி குறையும். மழை நாளில் பகலிலேயே பனிமூட்டம் இறங்கும். அம்மாவுக்கு ஒரு சால்வை போதும், பெரிய கம்பளி வேண்டாம்.

கோரிமேடு

மேலே போன பிறகு எப்படிச் சுற்றுவது என்பதைச் சேர்க்கிறேன். ஏரி, படகு இல்லம், அண்ணா பூங்கா எல்லாம் பக்கத்துப் பக்கத்தில், நடந்தே பார்க்கலாம். படகுக்கு டிக்கெட் எடுப்பதை முதல் வேலையாக வையுங்கள், 11 மணிக்கு மேல் வரிசை நீளும்.

லேடி சீட் என்ற காட்சிமுனை ஏரியிலிருந்து சுமார் 2 கி.மீ. தெளிந்த காலையில் மலைப்பாதை வளைவுகளும் கீழே சேலம் நகரமும் தெரியும். வெயில் ஏற ஏறப் புழுதிமூட்டம் மறைத்துவிடும், ஆகவே காலையிலேயே போவது நல்லது. பகோடா பாயின்ட் இன்னும் தள்ளி. சேர்வராயன் கோயில் ஐந்தாறு கி.மீ., மலையின் உச்சிப் பக்கம். பெரிய வெட்டவெளி, அங்கே வீசும் காற்றுக்காகவே போகலாம். ஆனால் கோயில் குகைக்குள் இருக்கிறது, குனிந்துதான் நுழைய வேண்டும். அம்மா வாசலில் நின்று கும்பிட்டாலும் போதும்.

ஏற்காட்டிலிருந்து மலைக் கிராமங்களுக்குப் பஸ் போகிறது. அவை தோட்ட வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களின் நேரத்துக்கு ஓடுபவை. ஒன்றை விட்டால் அடுத்ததுக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். மூன்று பேர் ஒரு நாளில் இரண்டு மூன்று இடம் பார்க்க அவை உதவாது. பஸ்ஸில் மட்டும் என்ற உறுதியை இந்த ஓர் இடத்தில் தளர்த்துங்கள். பஸ் நிலையத்தருகே ஆட்டோவோ டாக்சியோ பேசிக்கொள்ளலாம். பேசும்போது எந்தெந்த இடம், ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் காத்திருப்பு, கடைசியில் எங்கே இறக்கிவிடுவது என்று மூன்றையும் சொல்லிவிட்டே தொகை பேசுங்கள். 'எல்லா பாயின்ட்டும்' என்று பேசினால் தகராறில் முடியும்.

கிளியூர் அருவியை விட்டுவிடுங்கள். கடைசிப் பகுதி செங்குத்தான படிகள், இறங்கினால் ஏறியாக வேண்டும். கோடையில் தண்ணீரும் இருக்காது. பெருமழைக்குப் பிறகு பாதுகாப்புக்காக மூடியும் விடுவார்கள்.

குரங்குகள் கையில் தெரியும் எதையும் பறிக்கும். தின்பண்டத்தைத் துணிப்பைக்குள் வையுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை அடியோடு தவிர்த்து, தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் எடுத்து வாருங்கள்.

மலைப்பாதை20

இறங்கும் நேரத்தையும் எழுதிவிடுகிறேன். பகல் 2 மணிக்கு ஏற்காடு பஸ் நிலையத்துக்கு வந்துவிடுங்கள். ஒண்டிக்கடைப் பக்கமோ வழியிலோ நின்று கைகாட்ட வேண்டாம். வண்டி நிலையத்திலேயே நிரம்பித்தான் புறப்படும். காலையில் ஏறி வந்து இறங்கியதுமே நேரக்காப்பாளரிடம் பிற்பகல் வண்டி நேரங்களையும் கடைசி வண்டியையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடக்கும் நேர அட்டவணைகள் பழையவை.

மே மாதக் கோடை விழா நாள்களில் இந்தக் கணக்கு எல்லாம் மாறும். ஏறுவதற்கு அடிவாரம் வழி, இறங்குவதற்குக் குப்பனூர் வழி என்று ஒருவழியாக்குவது உண்டு. குப்பனூர் வழி அயோத்தியாப்பட்டணத்தில் வந்து சேரும். நேரம் கூடும், பதறாதீர்கள்.

வெண்ணாற்றங்கரை

மிகவும் நன்றி அண்ணா. பெண்களுக்கு இலவசம் என்பது எல்லா பஸ்ஸிலுமா? மூவரும் பெண்கள் என்பதால் கேட்கிறேன்.

அம்மாபேட்டை_தறி

இல்லைங்க. அரசு போக்குவரத்துக் கழகத்தின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்கு மட்டும்தான். முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு பூசியிருக்கும் வண்டிகள் அவை. ஏறியதும் கண்டக்டர் கட்டணமில்லாத டிக்கெட் ஒன்று கொடுப்பார். அதை வாங்காமல் உட்காராதீர்கள். பரிசோதகர் வந்தால் காட்ட வேண்டும், வேறு ஊர்க்காரர் என்பதெல்லாம் கணக்கில்லை.

சேலத்தில் தனியார் டவுன் பஸ்களும் நிறைய ஓடுகின்றன. அவற்றில் இலவசம் கிடையாது. அவசரமாக ஏறும்போது இரண்டும் ஒரே நிறுத்தத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வரும், பார்த்து ஏறுங்கள். ஏற்காடு, மேட்டூர் போகும் புறநகர் வண்டிகளில் டிக்கெட் எடுக்க வேண்டும். குழந்தைக்கு அரை டிக்கெட். 10, 20 ரூபாய்த் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். காலை முதல் நடையில் 500 ரூபாய் நீட்டினால் கண்டக்டரிடம் சில்லறை இருக்காது. டிக்கெட்டின் பின்னால் மீதியை எழுதிக் கொடுப்பார், இறங்கும் அவசரத்தில் வாங்க மறந்துவிடும்.

தாரைவழி

ஞாயிறு தாரமங்கலம் பற்றி. கைலாசநாதர் கோயில் நடை பகல் 12 மணியையொட்டிச் சாத்தினால் மாலையில்தான் திறக்கும். இந்த ஒன்றை வைத்தே நாளை அமைக்க வேண்டும். பகலில் போய்ச் சேர்ந்தால் வாசல் கோபுரத்தோடு திரும்ப வேண்டியதுதான்.

பழைய பஸ் நிலையத்தில் 7 மணிக்கு ஏறுங்கள். தூரம் 25 கி.மீ.க்கு மேல், டவுன் பஸ்ஸில் ஒரு மணி நேரம் தாண்டும். ஞாயிற்றுக்கிழமை பள்ளி, கல்லூரி நேரத்து நடைகள் இருக்காது. வண்டிகளுக்கு இடையே இடைவெளி அதிகம். அதனால் காத்திருக்க அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். 8.30, 9க்குள் போய்விடலாம்.

உள்ளே குறைந்தது ஒன்றரை மணி நேரம் கொடுங்கள், தயவுசெய்து அரை மணியில் ஓடி வராதீர்கள். மேற்குப் பார்த்த கோயில் இது. இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் எடுப்பித்த திருப்பணி. கோபுரத்தின் அடிப்பகுதியைத் தேராகவே செதுக்கி, யானையும் குதிரையும் இழுப்பதாகக் காட்டியிருக்கிறார்கள். காலை வெயில் கோபுரத்தின் பின்பக்கமிருந்து வருவதால் முகப்பு நிழலில் இருக்கும். படம் எடுப்பவர்களுக்குக் குறைதான். வெறுங்காலோடு கல்தரையில் நடக்கும் அம்மாவுக்கு அதுவே நல்லது. உள்ளே யாளியின் வாயில் உருளும் கல் உருண்டையை மகளுக்குக் காட்டுங்கள். வாலி, இராமன் தூண்களைத் தேடிப் பாருங்கள்: இராமன் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலியின் இடத்திலிருந்து பார்த்தால் இராமன் தெரியமாட்டான். தூண்களின் இடைவெளியையும் கோணத்தையும் கணக்கிட்டு ஒரு கதையின் நியாயச் சிக்கலையே கல்லில் நிறுத்தியிருக்கிறார்கள். மகளை ஒரு தூணிலும் உங்களை மற்றொன்றிலும் நிறுத்திப் பாருங்கள், அவளே கண்டுபிடிப்பாள்.

10.30க்குக் கிளம்பினால் 12க்குச் சேலம்.

ஐந்துரோடு

மேட்டூரை இந்தத் தடவை விட்டுடுங்க அக்கா. சேலத்துலருந்து சுமார் 50 கிலோமீட்டர், போகவர மட்டுமே மூணு மணி நேரம். போனா அணை, பூங்கா, பதினாறு கண் மதகுன்னு பாதி நாள் வேணும். நீர்மட்டம் 120 அடியைத் தொட்டு உபரித் தண்ணி மதகுல வர்ற சமயம்னா அதுக்குன்னே தனியா ஒரு நாள் வாங்க.

ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பிட்டு அம்மா படுத்து எழட்டும். அறையை 12க்கே காலி பண்ணச் சொல்வாங்க; 3 மணி வரைக்கும் நீட்டிக்க முடியுமான்னு சனிக்கிழமையே கேளுங்க. அப்புறம் பெட்டியை ஜங்ஷன்ல போட்டுட்டு, டவுன் பஸ்ல பழைய பஸ் ஸ்டாண்டு. 4.30 மணிக்கு மேல சுகவனேஸ்வரர், கோட்டை அழகிரிநாதர், கோட்டை மாரியம்மன் மூணும் ஒரே சுத்துல நடந்து பார்த்துடலாம். ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் பத்து நிமிஷ நடைக்குள்ளதான். ஆடி மாசம்னா மட்டும் மாரியம்மன் கோயில் பக்கம் பஸ்ஸைத் திருப்பி விடுவாங்க, அம்மன் தரிசனத்துக்கும் ரொம்ப நேரம் ஆகும்.

தட்டுவடை செட்டு சாயங்காலம்தான் கிடைக்கும். முதல் அக்ரகாரம், சின்னக்கடை வீதிப் பக்கம் வண்டிகள் நிக்கும். ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல சட்னியும் துருவின கேரட், பீட்ரூட், வெங்காயமும் வச்சுத் தருவாங்க. பாப்பாவுக்குக் கார சட்னியைக் குறைக்கச் சொல்லுங்க. தட்டுல வாங்கினதும் சாப்பிட்டுடணும், பார்சல் வாங்கினா வடை நமத்துப் போகும்.

அம்மாபேட்டை_தறி

ரயிலுக்கு 7.30 மணிக்கே பழைய பஸ் நிலையத்திலிருந்து ஜங்ஷன் வண்டியில் ஏறிவிடுங்கள். 5 கி.மீ. தான் என்றாலும் ஞாயிறு மாலை நெரிசல் உண்டு, கிளோக் ரூமில் பெட்டி எடுக்க வரிசை இருக்கலாம், நடைமேடை மாற அம்மாவுக்கு நேரம் வேண்டும். இன்னொன்று: டிக்கெட்டில் 'சேலம் ஜங்ஷன்' என்றிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விருத்தாசலம் பாதையில் சேலம் டவுன், சேலம் மார்க்கெட் என்று தனி நிலையங்கள் இருக்கின்றன. சேலம் டவுன் பழைய பஸ் நிலையத்துக்குக் கிட்டே. ஜங்ஷன் வேறு கோடியில்.

கோரிமேடு

மழைக்காலத்தில் வருவதானால் மாற்றுத் திட்டம் ஒன்று கையில் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் பலத்த மழை பெய்தால் மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்தை நிறுத்துவார்கள். காலையில் புது பஸ் நிலையத்தில் ஏற்காடு வண்டி ஓடுகிறதா என்று கேட்டுவிட்டே அடுத்த வேலை. ஓடவில்லையென்றால் தாரமங்கலத்தைச் சனிக்கிழமைக்குக் கொண்டுவாருங்கள். மழை விட்டால் மாலையில் கன்னங்குறிச்சி பஸ்ஸில் போய் மூக்கனேரியைப் பாருங்கள். ஏரிக்குள் மரம் வளர்த்த திட்டுகளில் பறவைகள் அடையும் நேரம் அது. குழந்தைக்கு மலையடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவும் இருக்கிறது. ஞாயிறு காலைக்கு அயோத்தியாப்பட்டணம் கோதண்டராமர் கோயில் பொருந்தும். ஆத்தூர் சாலையில் பத்து கி.மீ. தான், மண்டப விதானத்து ஓவியங்களை நிமிர்ந்து பாருங்கள்.

வெண்ணாற்றங்கரை

எல்லாவற்றையும் தாளில் எழுதிவிட்டேன். சனி: 7க்கு புதுசு, மலை, 2க்கு இறக்கம், 5க்குச் செவ்வாய்ப்பேட்டை. ஞாயிறு: 7க்குப் பழசு, தாரமங்கலம், 12க்குத் திரும்பல், 4.30க்குக் கோட்டை, 7.30க்கு ஜங்ஷன் பஸ். ஒரே சந்தேகம்: தாரமங்கலம் வண்டிக்குப் பழைய பஸ் நிலையம்வரை போகாமல் ஜங்ஷனில் ஏற முடியாதா?

தாரைவழி

ஜங்ஷன் வழியாகப் போகும் வண்டியாக இருந்தால் ஏறலாம், ஆனால் அது உட்கார இடம் நிரம்பியே வரும். ஒரு மணி நேரப் பயணம், அம்மாவுக்கு இருக்கை வேண்டும். பழைய பஸ் நிலையத்திலேயே ஏறுங்கள். அந்த ஞாயிறு அமாவாசையா என்றும் நாள்காட்டியில் பாருங்கள். அமாவாசை என்றால் கஞ்சமலை சித்தர் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும், சிறப்பு பஸ்களும் விடுவார்கள். மேற்குப் பக்கம் போகும் வண்டி எல்லாமே நிரம்பி வழியும். அப்படியானால் 6 மணிக்கே கிளம்பிவிடுங்கள்.